கரகோஷமும் கல்லூரிக் கட்டணமும்

வெற்றி விழாக் கொண்டாடுவதில் நம் ஜனங்களுக்கு இணை யாரும் இல்லை. 2014-ஆம் வருஷம் செப்டம்பர் 24-ஆம் தேதி மங்கள்யான் செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றத் தொடங்கிற்று. அன்று பெங்களூர் நிலையத்தில் பட்டுப் புடவையும் தலையில் பூவுமாகச் சில பெண்மணிகள் மகிழ்ந்து நின்ற புகைப்படம் உலகெங்கும் பரவிற்று. புதுவையை அடுத்த நம் காட்டேரிக்குப்பத்திலும் அதைப் பார்த்துப் பூரிக்காதவர் இல்லை. "நம் வீட்டுப் பெண்களைப் போலவே இருக்கிறார்களே!" என்று வியந்தார்கள்.

பிற்பாடு விஷயம் வெளியாயிற்று. படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பிரிவினர் என்றும், விண்கலத்துக்காக உழைத்த பெண் விஞ்ஞானிகள் வேறு பலர் உண்டு என்றும் இஸ்ரோ தெரிவித்தது. உலகம் புடவையைப் பாராட்டிற்றேயன்றி, வேலையை விசாரிக்கவில்லை!

அந்த வேலைதான் என்ன? செவ்வாய்க்கு அருகிலிருந்து ஒரு செய்தி பூமிக்கு வந்து சேர அன்று 12 நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆபத்து நேர்ந்தால் கலம் நம்மைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தானே நிலைமையை அறிந்து, தானே முடிவு செய்ய வேண்டும். அந்தச் சுயபுத்தியைக் கலத்துக்கு அளித்தவர்களில் முக்கியமானவர் லக்னோவைச் சேர்ந்த ரிது கரிதால். 2019-இல் சந்திரயான்-2 திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர் எம். வனிதா. அதன் இறங்கு கலம் சந்திரனில் மெல்ல இறங்கத் தவறிற்று. ஆயினும் சுற்றுக்கலம் தொடர்ந்து உழைத்து, 2023-இல் சந்திரயான்-3 இறங்கியபோது அதற்குத் துணை நின்றது.

செங்கோட்டை என்றால் வாஞ்சிநாதன் பிறந்த ஊர் என்பது நமக்குத் தெரியும். அவ்வூர் விவசாயி ஒருவரின் புதல்விதான் நிகார் ஷாஜி. திருநெல்வேலி அரசாங்கக் கல்லூரியில் என்ஜினீயரிங் கற்று, 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். அவர் திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா எல்-1, சூரியனை ஆராய்வதற்காக 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி புறப்பட்டது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை 2024 ஜனவரி 6-ஆம் தேதி அடைந்தது. உலகம் கைதட்டியது ஒரு நாள். அதற்கு முன் அவர் உழைத்ததோ 36 வருஷம்.

அவ்வருஷக் கோடையில் நம் உறவினர் ஒருவர் மகளுடன் யோசனை கேட்க வந்தார். பிளஸ் டூவில் பெண் நல்ல மார்க்கு வாங்கியிருந்தாள். சென்னையில் தங்கி என்ஜினீயரிங் படிக்க விரும்பினாள்.

"நாலு வருஷம் படிப்பு, பிறகு வேலை, கலியாணம் எப்போது, அண்ணே? நகைக்குச் சேர்த்த பணத்தைக் கட்டணமாகக் கொடுத்துவிட்டால் நாளைக்கு எவன் வருவான்?" என்றார்.

அவர் கல்நெஞ்சர் அல்லர். சந்திரயான்-3 இறங்கிய அன்று தெருவுக்கே மிட்டாய் வழங்கியவர்! அவருடைய பயமும் பொய்யன்று.

"அப்பா, அன்றைக்கு நீங்கள் கைதட்டியது யாருக்கு?" என்று பெண் மெல்லக் கேட்டாள்.

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் கட்டணம் கட்டியாயிற்று.

இந்தக் கேள்வி இன்று எத்தனையோ வீடுகளில் காத்திருக்கிறது. பெண்ணைப் பெற்றவர் துணிந்தால் மட்டும் போதாது. பிள்ளையைப் பெற்றவரும் வருகிற மருமகளின் நகையை நிறுப்பதை விட்டு, அவளுடைய வேலைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். ராக்கெட் புறப்படும் தினத்தில் எழும் கரகோஷத்துக்குச் செலவு இல்லை. கல்லூரிக் கட்டணத்துக்கும் 36 வருஷப் பொறுமைக்கும் செலவு உண்டு. அந்தச் செலவுக்கு முன்வரும் குடும்பமே பாராட்டத் தெரிந்த குடும்பம்.