பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பம்

கல்லூரிப் படிவங்களின் அடியில் மாணவர் கையெழுத்துப் போட ஒரு கோடு இருக்கும். பக்கத்திலேயே பெற்றோருக்கு இன்னொரு கோடு. சேர்க்கையோடு அது போய்விடுவதில்லை. விடுதி, சுற்றுலா, விடுப்புக் கடிதம் என்று பட்டம் வாங்கும்வரை கூடவே வருகிறது. திருப்பூர்ப் பக்கத்து மங்கலம் போன்ற ஊரில் இதன் விசித்திரம் பளிச்சென்று தெரியும். தறிகுடோன்களுக்கு நடுவே வளர்ந்து பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு இரண்டு பஸ்: ஒன்று பல்லடம் சாலை எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரிக்கு, மற்றொன்று பனியன் கம்பெனிக்கு. கம்பெனி கேட்டில் ஆதாரை வாங்கிப் பதினெட்டு முடிந்ததா என்று பார்ப்பார்கள். முடிந்திருந்தால் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி அவள் வயது வந்தவள். ஒன்றரை ஷிப்டு நிற்பதா வேண்டாமா என்பது அவள் பாடு. அதே வயதில் அவள் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தால், காய்ச்சலுக்கு இரண்டு நாள் லீவு எடுக்கவும் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். படிக்கப் போனதால் வயது குறைந்துவிட்ட மாதிரி.

சட்டத்துக்கு இதில் குழப்பம் ஏதுமில்லை. 1875-இல் வந்த இந்திய வயதுவந்தோர் சட்டம்தான் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. மிகச் சிறிய சட்டம். ஆனால் அதை எழுதியவருக்கு இருந்த அக்கறையைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. பிறந்த நாளை முழு நாளாக எண்ணு, பதினெட்டாவது ஆண்டு நிறைவு தொடங்கும் நொடியிலேயே ஆள் பெரியவர் என்று சொல்லிவிட்டு, எடுத்துக்காட்டும் தருகிறார். 1852 பிப்ரவரி 29-இல் பிறந்தவர் என்ன செய்வார்? நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும் நாளுக்காகக் காத்திருக்க முடியுமா? வேண்டாம், 1873 பிப்ரவரி 28-ஆம் தேதியின் முதல் நொடியில் அவர் பெரியவராகிவிடுகிறார். (எடுத்துக்காட்டில் வருகிறவர் நீதிமன்றம் காப்பாளர் நியமித்தவர்; அப்படிப்பட்டவர்களுக்கு அன்றைக்கு 21 வயது, அந்த வேறுபாடு 1999-இல் போயிற்று.) லீப் வருஷக் குழந்தையின் ஒரு நாள் உரிமைகூட வீணாகக் கூடாது என்று நினைத்த அந்த முன்ஜாக்கிரதைக்காரர் நம் கல்லூரி அலுவலகங்களில் ஒன்றில் வேலை பார்த்திருக்கக் கூடாதா!

சேரும்போது பிள்ளைக்குப் பதினேழுதானே என்பார்கள். நியாயமான கேள்விதான். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது. 1903-இல் பிரிவி கவுன்சிலே அதை உறுதி செய்துவிட்டது. ஆகவே ஜூன் மாதச் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து இருக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் வருஷம் முடிவதற்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதினெட்டு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அந்தக் கோடு ஏன்? ராகிங் உறுதிமொழியையே எடுத்துக்கொள்ளலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு 1996-இல் கொல்லப்பட்ட அதிர்ச்சியில் பிறந்தது தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம். அது செய்தவனுக்குச் சிறை என்றது. 2009-இல் வந்த யு.ஜி.சி. விதிகள் ஒரு படி மேலே போய், வருஷா வருஷம் மாணவரும் தரவேண்டும், பெற்றோரும் தரவேண்டும் என்று இரண்டு உறுதிமொழி கேட்டன. பெற்றோருடையதில், விதிகளைக் கவனமாகப் படித்து முழுக்கப் புரிந்துகொண்டேன் என்று எழுதியிருக்கும். இரவு ஷிப்டு முடிந்து காடா துணிப் பஞ்சு தலையில் ஒட்டியிருக்க வரும் தறிக்காரர் அந்த ஆங்கிலத்தைப் படித்தாரா, புரிந்துகொண்டாரா என்று யாரும் கேட்பதில்லை. ஜெராக்ஸ் கடைப் பையன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். ராகிங்கைத் தடுக்கப் புறப்பட்ட காகிதம், ஒரு மனிதரைப் படிக்காததைப் படித்தேன் என்று சொல்ல வைக்கிறது.

பணம் கட்டுகிறவர் கையெழுத்துப் போடட்டுமே என்பது அடுத்த வாதம். இதில் உண்மை உண்டு, சட்டத்தைவிடக் கூடவே உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி மகனைப் பராமரிக்கும் கடமை அவன் மைனராக இருக்கும்வரைதான். செலவு பெருகுவதோ அதற்குப் பிறகு. பதினெட்டு ஆனதும் தகப்பன் பொறுப்பு தீர்ந்துவிடாது என்று 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நம் ஊரில் கோர்ட் சொல்லாமலே கூலிப் பணத்தில் ஃபீஸ் கட்டுகிறார்கள். ஆனால் பணத்துக்கென்று தனிக் கையெழுத்து இருக்கிறதே: கல்விக் கடனில் பெற்றோர் இணைக் கடனாளி, அங்கே அவர் போடுவது தன் பொறுப்புக்கு. மகளின் நடத்தைக்கும் நடமாட்டத்துக்கும் போடுவது வேறு ரகம். அரசே இதைப் பிரித்துப் பார்க்கிறது: புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே போகிறது.

பாதுகாப்பு என்று சொல்வார்கள். இந்த வட்டாரம் அந்தச் சொல்லைச் சற்றுச் சந்தேகத்தோடு கேட்க வேண்டும். மூன்று வருஷம் மில்லில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சுமங்கலித் திட்டத்தில் பெண்களை அழைத்துப் போன தரகர்கள் பேசியது பெற்றோரிடம்தான். பெற்றோர் சம்மதம் இருந்தது. பெண்கள் விடுதிக்குள் அடைபட்டுக் கிடந்ததும் இருந்தது.

அமெரிக்காவில் காகிதம் எதிர்த்திசையில் போகிறது. 1974-ஆம் ஆண்டுக் கல்விப் பதிவுச் சட்டப்படி, கல்லூரிக்குப் போன பிள்ளையின் மதிப்பெண் விவரம் அவருடையது. மருத்துவ விவரத்துக்கும் தனிச் சட்டக் காவல் உண்டு. அதனால் அங்கே பெற்றோர் பிள்ளையிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். அது நமக்கு ஒத்துவராது, குடும்பத்தையே பிரித்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் நம்முடைய 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கலாம். பதினெட்டு நிறைந்த எவரும், நோயுற்றால் தன் சார்பில் பேச ஒருவரை வெறும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். அம்மாவை எழுதலாம், சித்தப்பாவை எழுதலாம், தோழியையும் எழுதலாம். யாரையும் எழுதாமல் விட்டவருக்கு, சட்டம் தானாகவே முதலில் தேடிப்போவது உறவினரைத்தான்.