சத்தம்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்!

வீட்டுக் கம்ப்யூட்டரில் திரை வரவில்லையென்றால் அன்றைக்கே அது கடைக்குப் போய்விடும். இன்டர்நெட் நின்றால் பத்து நிமிஷத்தில் வீடே அலறும். சத்தம் போனால் மட்டும் 'சத்தம்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். பாட்டுக்கு செல்போன் இருக்கிறது, படத்துக்கு டி.வி. இருக்கிறது என்ற தைரியம்தான் காரணம்.

ஆனால், எல்லா வீட்டிலும் அப்படி விட்டுவிட முடியாது.

மதுரையில் ஓர் அண்ணன், தங்கை. தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அரசுப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். பாடம், பழைய வினாத்தாள், மெயில் எல்லாமே ஒரு லேப்டாப்பில்தான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் 'என்விடிஏ' என்ற மென்பொருள் அதில் இருந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்பவர் 2006-ல் எழுதத் தொடங்கியது அது. அவருக்கும் பார்வை கிடையாது. மென்பொருள் இலவசம், தமிழையும் வாசிக்கும். மவுஸ் தேவையே இல்லை. கீபோர்டில் விரல் ஓட ஓட, எங்கே இருக்கிறோம் என்பதை அந்தக் குரல் சொல்லிக்கொண்டே வரும்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. பாதுகாப்புக்கு நல்லது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் லேப்டாப்பைச் சுத்தமாக அழித்துவிட்டு விண்டோஸ் 11 போட்டார். மதியத்துக்குள் வேலை முடிந்தது. திரை பளிச்சென்று இருந்தது.

"முடிஞ்சிருச்சு பாப்பா, வந்து பாரு" என்றார்.

தங்கை வந்து உட்கார்ந்து நாலைந்து கீயைத் தட்டினார். பதிலே இல்லை.

"அண்ணே, இன்னும் ஆன் ஆகலையா?"

"ஆன்லதான் இருக்கு. சத்தம் மட்டும்தான் வரல."

"அப்ப எனக்கு ஆன் ஆகலைன்னுதானே அர்த்தம்?"

அண்ணனிடம் பதில் இல்லை. தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

திரையின் மூலையில் ஸ்பீக்கர் படத்தின் மேல் பெருக்கல் குறி தெரிந்தது. சவுண்டுக்கான கருவி எதுவும் இல்லை என்றது விண்டோஸ். தெரிந்த கடைக்காரருக்கு போன் செய்தால், "போர்டுல ஆடியோ போயிருக்கும் சார், மாத்திடலாம்" என்றார். காலை வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த கருவி மதியத்துக்குள் எப்படிப் போகும்?

கருவி போகவில்லை. போனது துபாஷி.

அந்தக் காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் ஆனந்தரங்கப் பிள்ளை தலைமை துபாஷியாக இருந்தார். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். கவர்னருக்குத் தமிழ் தெரியாது, ஊராருக்கு பிரெஞ்சு தெரியாது. நடுவில் அவர் இல்லையென்றால் இரண்டு பக்கமும் வாயிருந்தும் பேச்சிருக்காது. கம்ப்யூட்டரில் டிரைவர் செய்வது இதே வேலையைத்தான். சவுண்ட் சிப்புக்கு விண்டோஸின் பாஷை தெரியாது. விண்டோஸுக்கு அந்தச் சிப்பின் பாஷை தெரியாது. லேப்டாப்பை அழித்தபோது பழைய துபாஷியும் சேர்ந்து அழிந்துபோனார். புது விண்டோஸ் தன்னோடு சில பொதுவான டிரைவர்களைக் கொண்டுவரும். பல கம்ப்யூட்டர்களுக்கு அதுவே போதும். இந்த லேப்டாப்புக்குப் போதவில்லை.

அண்ணன் இரண்டு மணி நேரம் தனியாகப் போராடினார். லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில் ஆடியோ டிரைவரை எடுத்துப் போட்டார், ரீஸ்டார்ட் செய்தார், பலன் இல்லை. மறுபடி போட்டார், அதே கதைதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கைதான் கேட்டார்: "ஆன்லைன் கிளாஸுக்கு வாங்குன ஹெட்செட் எங்க? யூஎஸ்பி குத்துவோமே, அது."

அதைத் தேடி எடுத்துக் குத்தினார்கள். தங்கை கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்று கீயையும் சேர்த்து அழுத்தினார். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் 'நேரேட்டர்' காதில் பேசத் தொடங்கியது.

இதில் மாயம் எதுவும் இல்லை. யூஎஸ்பி ஹெட்செட்டுக்குள் ஒரு குட்டி சவுண்ட் கார்டு இருக்கிறது. அந்த வகைக் கருவிகளுக்கான பொது டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. அதனால் லேப்டாப்பின் சொந்த சவுண்ட் சிப் பேசாவிட்டாலும் இது பேசும். வட்டமான பின் உள்ள சாதாரண ஹெட்போன் இதற்கு உதவாது. அது லேப்டாப்பின் சிப்பையே நம்பி இருப்பது.

"இப்ப நகருண்ணே" என்றார் தங்கை.

விண்டோஸ் கீயும் எக்ஸும், அடுத்து எம். டிவைஸ் மேனேஜர் திறந்தது. ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டே இறங்கினார். 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழே 'மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்' என்று ஒன்று. கண் உள்ளவர்களுக்கு அதன்மேல் மஞ்சள் குறி தெரியும். டிரைவர் இல்லாத கருவி என்று அர்த்தம். அதன் 'பிராப்பர்டீஸ்' போய், 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தார். நீளமான ஓர் எண் வந்தது. அதில் 'வென்' என்ற மூன்றெழுத்துக்குப் பிறகு வருவதுதான் கருவியைச் செய்த கம்பெனியின் அடையாளம். 10இசி என்று இருந்தால் ரியல்டெக். 8086 என்று இருந்தால் இன்டெல். காதில் விழுந்தது 8086.

அண்ணன் திரும்பத் திரும்பப் போட்டது ரியல்டெக் டிரைவர். அது தேவைதான். ஆனால் அதற்கு அடியில் இன்டெல்லின் ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு டிரைவர் இல்லாதவரை மேலே இருக்கும் ரியல்டெக் சிப் விண்டோஸின் கண்ணுக்கே படாது. அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டிய கதை. லேப்டாப் கம்பெனியின் அதே பக்கத்தில் 'சிப்செட்' என்ற தலைப்பின் கீழே இன்டெல் டிரைவர்கள் இருந்தன. அவற்றை முதலில் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, பிறகு ரியல்டெக்கைப் போட்டார் தங்கை. ஹெட்செட்டைக் கழற்றியதும் லேப்டாப்பே பேசியது. போர்டை மாற்ற வேண்டிய வேலையே வரவில்லை.

சவுண்டுக்கும் டிரைவருக்கும் நடக்கும் இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி 1989-ல் 'சவுண்ட் பிளாஸ்டர்' கார்டைக் கொண்டுவந்த காலத்தில், கம்ப்யூட்டரைத் திறந்து கார்டைச் செருகி, அதற்கென்று எண்களையும் ஒதுக்க வேண்டும். வேறொரு கருவி அதே எண்ணைப் பிடித்திருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். இப்போது அந்தத் தனி கார்டு பெரும்பாலும் போர்டிலேயே சிப்பாக ஒட்டிவிட்டது. ஆனால் துபாஷி இல்லாமல் இன்னும் காரியம் ஆகாது.

சத்தம் வராத எந்த வீட்டிலும் வரிசையாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில், சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ வயரில் மானிட்டரோ டி.வி.யோ இருந்தால், ஸ்பீக்கரே இல்லாத அந்த மானிட்டருக்கு விண்டோஸ் சத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கலாம். டெஸ்க்டாப் என்றால் ஸ்பீக்கர் வயர் பச்சை நிற ஓட்டையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இளஞ்சிவப்பு, மைக்குக்கு உரியது. இரண்டும் சரியென்றால் டிவைஸ் மேனேஜர். அப்டேட்டுக்குப் பிறகு சத்தம் போனதென்றால் 'ரோல் பேக் டிரைவர்' பழையதைத் திருப்பித் தரும். டிரைவர் கெட்டிருக்கிறது என்று தோன்றினால் 'அன்இன்ஸ்டால்' செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானாகத் தேடிப் போடப் பார்க்கும். அதுவும் பலிக்காவிட்டால், லேப்டாப் கம்பெனி அல்லது மதர்போர்டு கம்பெனியின் இணையதளத்தில், சரியான மாடல் எண்ணுக்கு உரிய டிரைவர். முதலில் சிப்செட், அப்புறம் ஆடியோ. 'எல்லா டிரைவரும் இலவசம்' என்று கூவும் தளங்கள் பக்கமே போகாதீர்கள். டிரைவரோடு வேண்டாததும் வீட்டுக்குள் வந்துவிடும்.

அழித்துப் போடுவதற்கு முன்னாலேயே இந்த டிரைவர்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். திரையைக் காதால் பார்ப்பவர் வீட்டில் இருந்தால், யூஎஸ்பி ஹெட்செட் ஒன்று எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரே கம்ப்யூட்டரை வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒருவருக்குப் படம், ஒருவருக்கு எழுத்து, ஒருவருக்குக் குரல். கை வைப்பதற்கு முன்னால், 'இதில் உனக்கு எது இல்லாமல் முடியாது?' என்று எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். நமக்கு 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தோன்றுவது, அவர்களுக்கு அன்றைக்கே வேண்டியதாக இருக்கும்.