சுக்குக்கு மிஞ்சின தலைவலி

எங்க ரூம்ல நாலு பேர். மூணு பேர் குடிப்பாங்க, ஒருத்தன் சமைப்பான். அந்த ஒருத்தன் அடியேன். (நான் ஏன் குடிக்கறதில்லைங்கறது தனிக்கதை, அது இப்ப வேணாம்.) அதனால வேளச்சேரியில இந்த வீட்டுக்கு சனிக்கிழமை காலைல டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர் எல்லாமே நான்தான். மூணு வருஷ சர்வீஸ்ல கத்துக்கிட்டதைச் சொல்றேன், கேட்டுக்குங்க.

முதல் மருந்து சுக்கு. விரல் நீளத்துக்கு ஒரு துண்டைத் தட்டிப் போட்டு, ரெண்டு டம்ளர் தண்ணி ஒரு டம்ளரா வத்தற வரைக்கும் கொதிக்க விட்டு, கருப்பட்டி கரைச்சுக் குடுக்கணும். குமட்டல் நெஜமாவே அடங்குது. இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லீங்க. மசக்கை குமட்டலுக்கு இஞ்சி கேக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணியே சொல்லியிருக்காங்க. ஆனா வாய் வாயாத்தான் குடுக்கணும். மடக்கு மடக்குன்னு குடிச்சா அப்படியே திரும்பி வந்துடும். துடைக்கறதும் நாமதான் :-)

அடுத்தது நீர்மோர். சரக்கு உள்ள போனா, உடம்புல தண்ணியப் பிடிச்சு வைக்கற ஹார்மோன் படுத்துடுது. அதான் ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கு நடை, காலைல நாக்கு வறண்டு கட்டை மாதிரி ஆயிடும். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணி, உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, வறுத்துப் பொடிச்ச சீரகம். பச்சை மிளகாய் வேணவே வேணாம், வயிறு ஏற்கனவே வெந்து போயிருக்கும். உண்மையைச் சொன்னா வேலை செய்யறது தண்ணியும் உப்பும்தான், பேர் வாங்கறது சீரகம். ராத்திரியெல்லாம் கோட் அடிச்சவன் ஒருத்தன், கிளையண்ட் கிட்ட பாராட்டு வாங்கறவன் இன்னொருத்தன், அந்தக் கதைதான்.

தலைவலிக்கு உடனே பாரசிட்டமால் கேப்பானுங்க. தர மாட்டேன். ராத்திரியெல்லாம் அடி வாங்கின அதே லிவர்தான் அந்த மாத்திரையையும் கரைக்கணும்.

"காரமா மிளகு ரசம் வை மச்சான், வேர்த்தா இறங்கிடும்"னு ஒரு கோஷ்டி இருக்கு. இறங்காது. வேர்வை, மூச்சு, மூத்திரம் எல்லாம் சேர்ந்து வெளியேத்தறது ரொம்பக் கொஞ்சம். மிச்சத்தை மொத்தமா லிவர்தான் உடைக்கணும், அது தன் வேகத்துலதான் போகும். முப்பது மில்லி விஸ்கிக்கு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், சிலருக்கு அதுக்கும் மேல. அந்த வேகத்தைக் கூட்டற பொடி எதுவும் நம்ம அஞ்சறைப்பெட்டியில கிடையாது. அஞ்சறைப்பெட்டிய விடுங்க, 2005ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல அதுவரைக்கும் சோதிச்ச மருந்துகளையெல்லாம் அலசிட்டு, ஹேங்கோவரைத் தீர்க்கும்னு நம்பற மாதிரி ஆதாரம் எதுக்குமே இல்லைன்னுதான் எழுதினாங்க.

என் மருந்துல இருக்கற ஆபத்தே இதான். போதை போகாது, ஆனா போயிட்ட மாதிரி இருக்கும்.

போன மாசம் நம்ம தேனிக்காரன் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு ஒரு ஆஃப் முடிச்சான். காலைல ஏழு மணிக்கு சுக்கு, மோர் எல்லாம் ஆச்சு. "ஃப்ரெஷ்ஷா இருக்கேன்டா"ன்னு ஹெல்மெட்டை எடுத்துட்டான். அவங்க அம்மா கிளாம்பாக்கத்துல பஸ்ஸை விட்டு இறங்கறாங்க, பைக்ல கூட்டிட்டு வரணுமாம். 375 மில்லி. மனசுக்குள்ள கணக்கு போட்டேன். பன்னண்டு மணி நேரமாவது ஆகணும், ஆகியிருக்கறது ஒம்போது. சட்டப்படி 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே கேஸ். கேஸை விடுங்க, பின்னாடி உக்காந்து வரப்போறது அம்மா. சாவிய எடுத்து என் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். "நீ என்ன எனக்கு அப்பனா?"ன்னு கத்தினான். அதுக்கு மேலயும் சொன்னான், அதெல்லாம் இங்க எழுத முடியாது. கடைசியில கேப் புக் பண்ணி ஏத்தி விட்டேன். ரெண்டு வாரம் என்கிட்ட பேசலை.

அம்மா வந்ததும் நேரா கிச்சனுக்குத்தான் போனாங்க. பாத்திரத்தை மோந்து பாத்துட்டு, "என்னப்பா, யாருக்கு மேலுக்கு முடியல?"ன்னாங்க. அவன் என்னைப் பாத்தான்.

"எனக்குத்தாம்மா, லேசா சளி"ன்னேன்.

அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மூணு டம்ளர் சுக்குக் கஷாயம் குடிக்க வச்சுட்டாங்க. மிளகு தூக்கலா.