கணு இருந்தால் போதும்

மணி பிளாண்டைக் கேட்டு வாங்கி நட்டால் வளராது, வீட்டுக்காரர் அறியாமல் ஒடித்து வந்தால்தான் வளரும் என்றொரு நம்பிக்கை பரவலாக உண்டு. நான் கேட்டுத்தான் வாங்குகிறேன். கேட்கிறவர்களுக்கும் மனசாரக் கொடுக்கிறேன். எல்லாம் தழைத்துத்தான் நிற்கின்றன. அந்தக் கொடி பிழைக்க ஒரு கணு இருந்தால் போதும்.

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையம்தான் கணு. காம்பின் கக்கத்தில் ஒரு கண் ஒட்டியிருக்கும். நாளைய தளிர் அதுதான். அதே கணுவில் பழுப்பாக முட்டிக்கொண்டிருப்பது காற்றுவேர். தாய்க்கொடியில் இருக்கும்போதே அடுத்த செடிக்கு வேண்டிய இரண்டும் அங்கே தயாராகிவிடுகின்றன. தளிர்நுனியில் சுரக்கும் ஆக்சின் என்னும் வளரூக்கி தண்டு வழியாகக் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். கொடியை வெட்டியதும் அது போகும் வழி அடைபட்டு, வெட்டுவாயின் அருகே தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் வேர்விடத் தூண்டுகிறது. கணு இல்லாத தனி இலையும் தண்ணீரில் பல வாரம் பச்சையாகவே நிற்கும். ஆனால் அதிலிருந்து ஒருநாளும் தளிர் வராது.

கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே, சுத்தமான கத்தியால் நறுக்க வேண்டும். கணு தண்ணீருக்குள்ளும் இலை வெளியிலும் இருக்க வேண்டும். வெளிச்சம் வேண்டும், உச்சிவெயில் கூடாது. தண்ணீர் கலங்குவதற்கு முன் மாற்றிவிட வேண்டும். வேர் இரண்டு மூன்று அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிடலாம். தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழகச் சில நாள் பிடிக்கும். அதுவரை தொட்டி மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் உண்டு. மென்றால் வாயும் நாக்கும் எரியும். அதனால் பிள்ளைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

சின்னமனூரில் என் வீட்டு ஜன்னலில் வைத்த துண்டு விறுவிறுவென்று வேர்விடும். அதே கொடியின் இன்னொரு துண்டை, 18 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மேகமலை லயன் வீட்டில் இருக்கும் சித்தியிடம் கொடுத்தால், மார்கழி தை மாதங்களில் அது அசையவே அசையாது. வெப்பமண்டலத் தீவில் பிறந்த கொடிக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது. சித்தி பாட்டிலை அடுப்படி ஜன்னலுக்கு மாற்றிவைத்து, அவசரப்படாமல் காத்திருப்பாள்.

சித்தி தேயிலை எஸ்டேட் நாற்றங்காலில் பல வருடம் வேலை பார்த்தவள். தேயிலை அயல் மகரந்தச் சேர்க்கையால் விதை பிடிப்பது. ஆகவே விதையிலிருந்து வரும் செடி தாயைப்போல இருக்காது, ஒவ்வொன்றும் ஒரு தினுசாக இருக்கும். நல்ல செடியின் குணம் மாறாமல் வேண்டுமென்றால் துண்டு எடுத்துத்தான் நட வேண்டும். தளிராகவும் இல்லாமல் கட்டையாகவும் முற்றாமல் இருக்கும் தண்டில், ஓர் இலையும் அதன் கண்ணும் மூன்று நான்கு சென்டிமீட்டர் தண்டுமாக நறுக்குவார்கள். அமிலத்தன்மை உள்ள மண்ணை நிரப்பிய பாலித்தீன் பைகளில் ஊன்றி, நிழலிலும் ஈரக்காற்றிலும் காப்பார்கள். வேர்பிடிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். வால்பாறை உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பாண்டியன், சுந்தரம், ஆத்ரே போன்ற ரகங்கள் இப்படித்தான் தென்னிந்திய மலைகளில் பெருகின.

துண்டு நறுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவளும் சித்திதான். “இலையப் பாக்காத தாயி, கண்ணப் பாரு. கண்ணு செத்துருச்சுன்னா இலை எம்புட்டு மினுமினுத்தாலும் நாத்து ஆகாது” என்பாள். அதற்குப் பிறகு எந்தச் செடியைப் பார்த்தாலும் என் கண் முதலில் கணுவுக்குத்தான் போகிறது.

அப்படிப் பார்த்தால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கே துண்டு நட்டுப் பிழைக்கும் பூமி. சின்னமனூர்க் கொடிக்காலில் அகத்தி வளர்ந்து நிழல் கொடுத்ததும், கணுக்கள் உள்ள விதைக்கொடியை ஊன்றி வெற்றிலை படரவிடுகிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு, கண் விழுந்த முற்றிய குச்சிதான் நாற்று. வேலியோரத்து முருங்கைக்குப் போத்து. வெட்டுவது செடிக்குத் துன்பம் என்று தயங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு இந்த ஊர்த் தோட்டங்களைக் காட்டத் தோன்றும். இங்கே அரிவாள் பிடித்த கைதான் பயிரைப் பெருக்கும் கையும். வெட்டிய தாய்க்கொடியும் வெட்டுக்குக் கீழுள்ள கணுவிலிருந்து கிளைத்து முன்னைவிட அடர்த்தியாகிறது.

மணி பிளாண்டுக்கு அந்தக் கை இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கிறது. பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சு பாலினேசியாவின் மோரியா தீவு அதன் பிறப்பிடம். தாவரவியல் உலகம் அதற்கு முதலில் பெயரிட்டது 1880இல். அது பூப்பதே அபூர்வம். 1964க்குப் பிறகு தானாகப் பூத்ததாகப் பதிவு இல்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வு அதன் காரணத்தைக் கண்டது: ஜிப்ரலின் என்னும் வளரூக்கியை உண்டாக்கும் மரபணு ஒன்று அதில் சரியாக வேலை செய்வதில்லை. அந்த ஊக்கியை வெளியிலிருந்து தெளித்தபோது பூத்தது. பூ இல்லாததால் விதையும் இல்லை. விதையே இல்லாமல் அது கடல் கடந்து மேகமலை லயன் வீடு வரைக்கும் வந்திருக்கிறது என்றால், வழிநெடுக யாரோ ஒருவர் இன்னொருவருக்கு ஒரு கணுவை நறுக்கிக் கொடுத்துக்கொண்டே வந்ததால்தான். முகம் தெரியாத அத்தனை மனிதர்களின் கொடுக்கும் மனசை நான் பெரிதாக நினைக்கிறேன். நானும் அந்த வரிசையில் ஓர் ஆளாக இருக்க ஆசைப்படுகிறேன்.

ஆனால் கொடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரே கணுவில் பிழைக்கும் குணம் காட்டுக்குள் ஆபத்து. இலங்கையிலும் ஹவாயிலும் இந்தக் கொடி வீட்டைவிட்டுத் தப்பி, காட்டுத்தரையை மூடி மரங்களிலும் ஏறியிருக்கிறது. மரத்தைப் பற்றி ஏறினால் அதன் இலை முறம்போல விரியும். கீழே உள்ள நாற்றுகளுக்கு வெளிச்சம் கிடைக்காது. மேகமலை 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. வைகைக்கு நீர் ஊறும் காடும் அதில் அடக்கம். அங்கே ஓடையோரம் வீசி எறிந்த ஒரு கொடித்துண்டைத் தேடிப்பிடித்து அப்புறப்படுத்துவது லேசான வேலையல்ல. அதனால் கத்தரித்து மிஞ்சிய தண்டுகளை நான் குப்பையில் பச்சையாகப் போடுவதில்லை. சிறு துண்டுகளாக நறுக்கி, சருகாகும்வரை வெயிலில் உலர்த்தி, பிறகுதான் உரக்குழியில் இடுகிறேன். சித்திக்குத் துண்டு கொண்டுபோகும்போதும் தொட்டியிலேயே வளர்க்கச் சொல்லித்தான் கொடுக்கிறேன். யார் கேட்டாலும் கணு பார்த்து நறுக்கிக் கொடுப்பேன். கூடவே இந்த ஒன்றையும் சொல்லித்தான் அனுப்புவேன்.