ஷின்பு ஊர்க் காவடிக்கு ஒரு நன்றி

தைவானின் ஷின்பு யீமின் கோயிலைக் கட்டிக் காத்துவரும் 15 ஊர் ஹக்கா மக்களுக்கு,

ஷின்சு நகரத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த தமிழன் எழுதுகிறேன். ஆய்வுக்கூடம், விடுதி என்று கிடந்தவனை, உங்கள் ஏழாம் மாதத் திருவிழாவன்று நண்பன் ஸ்கூட்டரில் ஏற்றிக் கூட்டிவந்தான்.

முதலில் கண்ணில் பட்டது காவடி. மயில்பீலி இல்லை, பால்குடம் இல்லை. தோளில் ஒரு கழி, இரு முனையிலும் கூடை, கூடைக்குள் வீட்டில் சமைத்த சோறும் அவித்த கோழியும் டோஃபுவும். செத்துப்போனவர்களுக்குத்தான் அந்தச் சாப்பாடு. ஆனால் வயலில் நிற்கிறவனுக்குக் கஞ்சி கொண்டுபோகிற அவசரம் நடையில் இருந்தது. ஆறிவிடக் கூடாதாம். கூடையை இறக்கிவைத்த பாட்டி ஒருத்தி என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். "சாப்பிட்டாயா என்கிறாள்" என்றான் நண்பன். வீட்டை விட்டு வந்தபின் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது அவள்தான்.

கோயிலின் கதையை அங்கேயே சொன்னார்கள். 1786இல் சீன அரசனுக்கு எதிராக லின் ஷுவாங்வென் என்பவரின் கலகம். ஊரைக் காக்கப் போய் மடிந்த ஹக்கா இளைஞர்களின் உடல்களை மாட்டுவண்டிகளில் ஏற்றி வந்தபோது, மாடுகள் இந்த இடத்தைத் தாண்ட மறுத்தனவாம். எல்லாரையும் ஒரே குழியில் புதைத்து, 1788இல் கோயில் எழுப்பத் தொடங்கினார்கள். எந்த எலும்பு யார் வீட்டுப் பிள்ளையுடையது என்று பிரிக்க முடியாததால் அவர்கள் எல்லா வீட்டுக்கும் பாட்டன் ஆனார்கள். நடுகல்லுக்குப் படையல் வைக்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் அரசன் பக்கம் நின்றவர்கள்தானே என்ற முணுமுணுப்பு தைவானில் உண்டு. அதையும் மறைக்காமல் சொன்னவர் உங்கள் ஊர்க்காரரே.

என்னை அசத்தியது உங்கள் முறை வைப்பு. ஆண்டுக்கு ஒரு ஊர் வட்டாரம் விழாவை ஏற்கும். மறுபடி அதன் முறை வர 15 ஆண்டு. எங்கள் மண்டகப்படி மாதிரிதான், ஆனால் நாள் கணக்கில்லை, ஆயுள் கணக்கு. பத்து வயதில் கூடைக்குப் பின்னால் ஓடியவன் 25இல் தானே சுமப்பான், 40இல் பிள்ளைக்குத் தோள் மாற்றிக் கொடுப்பான். தனித்தனியாகக் காடு திருத்திக் குடியேறிய ஊர்களை ஒரு கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தது இந்த முறைதான். காணிக்கை நிலமானது, நிலம் குத்தகை தந்தது, 1950களில் பக்கத்து ஜூபெய்யில் கோயில் பெயரிலேயே ஒரு பள்ளிக்கூடம் வந்தது. அந்தக் காலத்துப் பள்ளிகளில் ஹக்கா மொழி பேசினால் தண்டம் கட்டிய தலைமுறை உங்களில் உண்டு. ஆனால் கோயில் முற்றத்தில் அன்று நான் கேட்டதெல்லாம் ஹக்கா.

ஒன்று மட்டும் ஒப்பவில்லை: எழுந்து நிற்கவும் முடியாதபடி படையல் பன்றியைக் கொழுக்கவைக்கும் விழாப் போட்டி. அரிசி மூட்டைகளை அடுக்கிப் பன்றி உருவம் செய்து படைக்கிறவர்களும் உங்களில் இருப்பது ஆறுதல்.

அன்று எனக்கு வயது 27. அந்தப் பாட்டியின் ஊருக்கு அடுத்த முறை வரும்போது 42 ஆகியிருக்கும். தகவல் சொல்லுங்கள். கோயில் வாசல்வரை ஒரு நடை நானும் சுமக்கிறேன். சாப்பிடாமல் வருவேன்.

அன்புடன்,
உங்கள் விருந்தாளி