சோழகம் காயவைத்த பனாட்டு

ஆடி பிறந்தால் யாழ்ப்பாணத்துப் பனங்கூடல்களில் பழம் விழத் தொடங்கும். ஆவணியில் மரத்தடிகளில் கடகம் கடகமாகப் பொறுக்கலாம். விழுந்த பழம் அதிக நாள் தாங்காது. வண்டும் புழுவும் முந்திக்கொள்ளும். ஒரு குடும்பம் இருந்து தின்று தீர்க்கக்கூடிய அளவும் இல்லை. அதனால்தான் பழக்களியைக் காயவைத்துச் செய்யும் பனாட்டு.

எங்கள் வீட்டில் அது அம்மம்மாவின் வேலை. பழத்தின் மேல்மூடியைக் கழற்றி, தோலை உரித்து, தண்ணீர் தெளித்துப் பினைந்தால் தும்பிலிருந்து செம்மஞ்சள் களி இறங்கும். அதை வடித்து, பந்தலில் விரித்த ஓலைப்பாயில் தடவுவார். அன்றைய களி காய்ந்த பிறகே அதன்மேல் அடுத்த பூச்சு. தடிப்பாக ஊற்றினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் கை அவசரப்பட்டால், "மெல்லிசாத் தடவு பிள்ளை, நாளைக்கும் வெயில் வரும்தானே" என்பார்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவமழை இலங்கையின் தென்மேற்கை நனைக்கும் மாதங்களில் யாழ்ப்பாணம் காய்ந்து கிடக்கும், சோழகக் காற்று வீசும். ஐப்பசி மழை இறங்குமுன் பாயைச் சுருட்டிவிட வேண்டும். பழமும் வெயிலும் காற்றும் ஒன்றாகக் கூடும் அந்தச் சில வாரங்களை எங்கள் முன்னோர் நன்றாகக் கணித்திருந்தார்கள். பனாட்டுக்குச் சீனி வேண்டாம், உப்பு வேண்டாம். நீர் வற்றினால் கிருமி வளராது; செறிந்து நிற்கும் பழத்தின் சொந்த இனிப்பே அதைக் காக்கும்.

மாரி மழையில் சதுரமாக வெட்டிய பனாட்டைத் தேங்காய்ச் சொட்டோடு கடிப்போம். இனிப்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய கசப்பு வரும்; களியிலுள்ள பிளபெலிபெரின் என்ற சேர்மம் தருவது அது. எனக்கு அந்தக் கசப்பில்தான் ஊர் இருக்கிறது. பனாட்டைப் பனம்பாணியில் ஊறவைத்தால் அது பாணிப் பனாட்டு. பினைந்து எறிந்த விதையும் வீணாகாது. பாத்தி போட்டால் கிழங்கு; கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல்.

போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகத் தறிபட்ட பனைகள் ஏராளம். எஞ்சி நிற்கும் மரங்களோ இன்றும் தவறாமல் பழம் தருகின்றன. பொறுக்க ஆளில்லாமல் அந்தப் பழங்கள் மண்ணில் அழுகுகின்றன. பனாட்டைக் கடையில் வாங்கிவிடலாம். களியை எவ்வளவு மெல்லிதாகத் தடவுவது, அடுத்த பூச்சுக்கு எப்போது கை வைப்பது என்பதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழக முடியும். அது தெரிந்த ஆச்சிமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வரும் ஆவணியில் வீட்டுக்கு ஒரு பாயாவது விரிப்போம். பிள்ளைகளின் கையிலும் கொஞ்சம் களி ஒட்டட்டும்.