கொட்டாஞ்சேனை போகும் வழியில்: அமெரிக்க வைத்தியர் மூவரின் நினைவுகள்

கொழும்பு மாநகரிலே தமிழர் செறிந்து வாழும் பகுதிகள் எவை என்று வினவினால், வெள்ளவத்தை என்றும் கொட்டாஞ்சேனை என்றும் சிறு பிள்ளையும் விடை கூறும். ஒன்று தெற்கே கடலோரமாகக் காலி வீதியின் இருமருங்கிலும் பரந்து கிடப்பது. மற்றது வடக்கே துறைமுகத்தின் அயலிலே ஆலயங்களும் தேவாலயங்களும் அடுத்தடுத்து விளங்க நிற்பது. இரண்டிற்கும் இடையே ஆறேழு மைல் தூரமே உண்டு. இவ்வழியால் நாம் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறோம். எனினும் அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேற்கொண்ட பயணம் எம் மனத்தில் நீங்காது நிலைத்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் எம் பெரியம்மா முதல் நாளிரவு தொலைபேசியில் அழைத்தார். எண்பது வயதைக் கடந்தவர். இரத்தப் பரிசோதனை ஒன்றின் முடிவு வந்திருக்கிறதென்றும், விஷயம் நல்லதாகத் தோன்றவில்லை என்றும், வைத்தியம் படிக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விடிந்ததும் வரவேண்டும் என்றும் தழுதழுத்த குரலில் கூறினார். வைத்தியம் படிக்கும் பிள்ளை என்றது எம் சகோதரியின் மகனை. அவன் கொழும்பு மருத்துவ பீடத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன். இருவருமாக முச்சக்கர வண்டியில் புறப்பட்டோம்.

காலை வேளையில் வெள்ளவத்தைக் காலி வீதியைப் பார்த்திருக்கிறீர்களா? புடைவைக் கடைகளும் நகைக் கடைகளும் இன்னும் கதவு திறந்திருக்க மாட்டா. மருந்துக் கடைகள் மாத்திரம் திறந்திருக்கும். ஒழுங்கைக்கு ஒழுங்கை வைத்தியர்களின் பெயர்ப்பலகைகள் தொங்கும். பெயர்கள் மானிப்பாயையும் சாவகச்சேரியையும் வல்வெட்டித்துறையையும் நினைவூட்டும் நல்ல தமிழ்ப் பெயர்கள். அவற்றின்கீழ் எழுதப்பட்டிருக்கும் பட்டங்களோ ஆங்கிலம். அப்பலகைகளைக் கண்ட கண்ணோடு 57ஆம் ஒழுங்கைக்கு அருகே சென்றபொழுது, அங்கே அமைந்திருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நினைவும், அதனோடு தொடர்ந்து ஒரு நூலின் நினைவும் எழுந்தன. 1942இல் தோன்றிய அச்சங்கத்தின் நூலகம் எம்போன்ற ஆசிரியர்களுக்குத் தாய்வீடு போன்றது. நினைவில் எழுந்த நூல், கவிஞர் அம்பி 1967இல் எழுதிய 'கிறீனின் அடிச்சுவடு'.

"கிறீன் என்றால் யார், மாமா? மானிப்பாய் ஆஸ்பத்திரியின் பெயரிலே உள்ளவரா?" என்றான் மருமகன்.

அவரேதான். ஆயினும் அவரைப் பற்றிக் கூறுமுன் அவருக்கு முன்னோடியைக் கூறுதல் முறை. நியூயோர்க் நகரிலே தொழில் நடத்தி நற்பெயர் ஈட்டிய இளம் வைத்தியர் யோன் ஸ்கடர் என்பார். நோயாளி ஒருவரின் வீட்டிலே கிறிஸ்தவப் பிரசாரத் துண்டுநூல் ஒன்றைக் கண்ணுற்று, அதனால் மனம் மாறி, வளர்ந்து வந்த தொழிலைக் கைவிட்டு, மனைவியோடும் குழந்தையோடும் 1819இல் கப்பலேறினார். குழந்தை வழியிலே கல்கத்தாவில் இறந்தது. அத்துயரோடு இலங்கை வந்த அவர் 1820இல் பண்டத்தரிப்பிலே வைத்தியத்தை ஆரம்பித்தார். 1836இல் சென்னைக்கு மாறிச் சென்று, 1855இல் ஆபிரிக்காவின் தென்முனையிலே, ஓய்வுக்காகச் சென்றிருந்த இடத்தில் காலமானார். அவருடைய புதல்வர் எழுவர் தந்தை வழியைப் பின்பற்றி இந்தியாவிலே பணிபுரிந்தனர். நோயாளிக்கும் வைத்தியனுக்கும் நடுவே கிடந்த கடலையும் காட்டையும் கடந்து, வைத்தியன் தானே கிராமத்தைத் தேடி வந்தமை ஸ்கடரின் சிறப்பாகும்.

அவர் கற்ற அதே நியூயோர்க் மருத்துவக் கல்லூரியிலே பிற்காலத்தில் கற்று, 1845இல் பட்டம் பெற்றவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் என்னும் ஊரில் 1822இல் பிறந்தவர். அவருடைய தமையனார் அன்ட்ரூ கிறீன், நியூயோர்க் மாநகரின் பெரும் பூங்காவை அமைப்பதிலும், பின்னர் அந்நகரை விரிவாக்கி ஒன்றிணைப்பதிலும் முன்னின்ற பிரமுகர். தமையனாருக்கு உலகத்தின் செல்வ நகரம் களமாயிற்று. தம்பியாருக்கோ மானிப்பாய்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் அடுத்த ஆண்டே மானிப்பாயில் வைத்தியத்தோடு வைத்தியக் கல்வியையும் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேதான் கற்பித்தார். இடையிலே தாய்நாடு சென்று 1862இல் மீண்டு வந்த பின்னர், 1864 முதல் தமிழிலே கற்பித்தார். அதற்கு அவர் கண்ட காரணம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்திலே கற்ற வைத்தியன் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பட்டினம் போய்விடுவான். தமிழிலே கற்றவன் தன்னூரிலே, தன் மக்களிடையே தங்குவான் என்பது அவருடைய கணக்கு. மாணவர் மேனாட்டு உடையை மேற்கொள்வதைக்கூட அவர் விரும்பினாரல்லர். வேட்டியும் சால்வையுமாக, ஊரவரோடு ஊரவராகவே அவர்கள் இருத்தல்வேண்டும் என்று எண்ணினார்.

வெள்ளவத்தையிலே குடியிருக்கும் நாம் இந்தக் கணக்கைப் பிழையென்று கூறல் இயலுமா? இங்கு வாழ்வோருள் பலர் போரினால் வீடிழந்து வந்தவர்கள். அவர்களை விட்டு நோக்கினால், பரம்பரையாக வந்து குடியேறியோரிற் பெரும்பாலாரை ஊரிலிருந்து இழுத்து வந்தவை ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமுமன்றோ?

இவ்வாறு பேசிக்கொண்டு கின்சி வீதியை அடைந்தோம். வீதியோரத்திலே பழைய மணிக்கூட்டுக் கோபுரமொன்று நிற்கிறது. கொழும்பு மருத்துவப் பாடசாலையின் இரண்டாவது அதிபராயிருந்த வைத்தியர் கொக் அவர்களின் ஞாபகார்த்தமாக 1881இல் எழுப்பப்பட்டது அது. பிரேத பரிசோதனை ஒன்றைச் செய்தபொழுது தொற்றிய நஞ்சினால் 1877இல் உயிர்நீத்தவர் அவர். அப்பாடசாலை தொடங்கியது 1870ஆம் ஆண்டிலாகும். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னரே மானிப்பாயில் வைத்தியக் கல்வி தொடங்கிவிட்டது என்பதை மருமகனுக்குச் சொன்னோம்.

"உன் மேசையிலே கிரேயின் அங்கவியல் நூல் ஒன்று கனமாகக் கிடக்கிறதே, அது முதன்முதல் இலண்டனில் வெளிவந்தது எப்பொழுது?" என்று கேட்டோம்.

"1858இல்."

"தமிழில் வெளிவந்தது 1872இல். 'மனுஷ அங்காதிபாதம்' என்பது பெயர்."

அவன் வியப்போடு எம்மை நோக்கினான். நாம் மேலும் கூறினோம். 1857இல் 'பிரசவ வைத்தியம்', 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்', 1884இல் 'இந்து பதார்த்த சாரம்' என்று ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வெளிவந்தன. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும். இப்பணி கிறீன் ஒருவரால் ஆனதன்று. டான்வோத், சப்மன், போல் முதலாய அவருடைய தமிழ் மாணாக்கரும் உடனிருந்து உழைத்தனர். ஒரு கலைச்சொல் வேண்டுமாயின் முதலிலே தமிழிலே தேடுவது, அங்கே அகப்படாவிடின் வடமொழியை நாடுவது, அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைய எழுதிக்கொள்வது என்பது அவர்கள் கொண்ட நெறி. 'கெமிஸ்தம்' என்னும் பெயரே அந்நெறியின் கடைசிப் படிக்குச் சான்று. உடல்நலங் குன்றி 1873இல் அமெரிக்கா திரும்பிய பின்னரும் கிறீன் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். வூஸ்ரரில் இருந்தவாறே தமிழ்ப் பிரதிகளைத் திருத்தினார். 1884இல் அவர் கண்மூடியபொழுது, தமிழரிடையே பணிபுரிந்த மருத்துவ ஊழியர் என்னும் குறிப்பையே கல்லறைக்கு வேண்டியிருந்தார்.

"எல்லாம் சரி, மாமா. ஆனால் தமிழிலே மாத்திரம் படித்தால் உலகத்திலே புதிது புதிதாக வருகின்றவற்றை எப்படி அறிவது?" என்றான் மருமகன்.

நியாயமான கேள்விதான். கிறீனுக்குப் பின் அவர் முயற்சி நெடுங்காலம் நிலைக்காமற் போனதற்கும் இத்தகைய காரணங்கள் உண்டு. உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வழியாயிற்று. பெற்றோரும் அதனையே விரும்பினர். புதிய நூல்களும் அதிலேயே வந்தன. கொழும்பு மருத்துவ பீடத்தில் இன்றும் போதனாமொழி ஆங்கிலமே. நாம் அவனுக்கு உடனே விடை கூறவில்லை. வண்டி கோட்டைப் புகையிரத நிலையத்தைத் தாண்டிப் புறக்கோட்டை நெரிசலுட் புகுந்தது.

செட்டியார் தெருவைக் கடந்து கொச்சிக்கடையை அடைந்ததும், பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தின்முன் இறங்கி வணங்கினோம். பொன்னம்பல முதலியார் நிறுவிய ஆலயத்தை, அவருடைய புதல்வர் சேர் பொன். இராமநாதன் 1907இல் தொடங்கி 1912இல் கருங்கற்றிருப்பணியாக நிறைவேற்றினார். அக்கற்றூண்களின் நிழலிலே நின்றபொழுது ஓர் எண்ணம் தோன்றியது. கிறீன் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். கிறீன் மானிப்பாயில் கற்பிக்கத் தொடங்கிய 1848இலேயே நாவலரும் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஒருவர் கிறிஸ்து மதத்தைப் பரப்ப வந்தவர்; மற்றவர் அதனை எதிர்த்துச் சைவத்தைக் காத்தவர். மிஷன் வைத்தியர்கள் மருந்தோடு மதபோதனையையும் கலந்தே வழங்கினர் என்பதைச் சைவராகிய நாம் மறக்க வேண்டுவதில்லை. மறைக்கவும் வேண்டுவதில்லை. எனினும் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்த கருத்தினர். சொல்லவேண்டியதை மக்களுக்கு விளங்கும் தமிழிலே சொல்லுதல் வேண்டும், அதற்கு நல்ல உரைநடை நூல்கள் வேண்டும் என்பதே அது.

கொட்டாஞ்சேனையிலே பெரியம்மாவின் வீடு, சாந்த லூசியாள் பேராலயத்தின் வெண்ணிறக் குவிமாடம் தெரியும் தூரத்தில் உள்ளது. வாசற்படியிலேயே எமக்காகக் காத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. இரவு உணவும் கொள்ளவில்லையாம்.

"தம்பி, ஒளிக்காமல் சொல்லு. நெகற்றிவ் எண்டு எழுதிக் கிடக்காம். அது கூடாத சொல்லுத்தானே?" என்று கடதாசியை நீட்டினார்.

மருமகன் வாசித்தான். அவன் முகம் மலர்ந்தது. "ஆச்சி, உங்களுக்கு அந்த வருத்தம் இல்லையெண்டுதான் அதிலே எழுதியிருக்கு. இல்லை எண்ட சொல்லைத்தான் அப்படி எழுதியிருக்கினம்" என்றான்.

"இல்லை எண்டா இல்லையெண்டு எழுதக் கூடாதோ?" என்றார் பெரியம்மா. சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்களைத் துடைத்தார்.

பரிசோதனை செய்தவர்கள் தம் கடமையைச் சரியாகவே செய்திருந்தார்கள். முடிவும் நல்ல முடிவு. ஆயினும் ஒரே ஒரு சொல் விளங்காமையால் ஒரு மூதாட்டி ஓர் இரவு முழுவதும் மரணத்தை எதிர்நோக்கிக் கண்விழித்திருந்தார். மருமகன் கின்சி வீதியிலே கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருந்தது. ஆங்கிலத்திலே கற்பது தவறன்று. கற்றதைத் தமிழிலே சொல்ல மாட்டாமை தவறு. மேனாட்டிலிருந்து வந்த ஒருவர் தமிழைக் கற்று, தமிழ்ப் பிள்ளைகளுக்கு வைத்தியத்தைத் தமிழிலே உணர்த்தினாராயின், தமிழராய்ப் பிறந்த வைத்தியர் தம் நோயாளிக்குத் தமிழிலே இரண்டு வாக்கியம் கூறுதல் அரிதாகுமோ?

தேநீர் அருந்துகையில், அண்டைவீட்டம்மையார் தாம் சிகிச்சைக்காக வேலூருக்குச் சென்று வந்த கதையைத் தொடங்கினார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இவ்வாறு வேலூர் சென்று மீண்டோர் பலருண்டு. அம்மருத்துவமனையைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர், பண்டத்தரிப்புக்கு வந்த யோன் ஸ்கடரின் பேத்தியாராவர். இளவயதில் திண்டிவனத்தில் தந்தையாரோடு தங்கியிருந்த ஓரிரவில், பிரசவ வேதனையுற்ற மூன்று பெண்களுக்கு உதவி வேண்டி மூவர் தனித்தனியே வந்தனர். தந்தையார் வைத்தியர். ஆயினும் ஆண் வைத்தியர் வரலாகாது என்பது அவர்களின் வழக்கம். ஐடாவோ வைத்தியம் கற்றவரல்லர். விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். வைத்தியம் கற்கவே மாட்டேன் என்றிருந்த அப்பெண் அமெரிக்கா சென்று 1899இல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பாடசாலை கண்டார். 1960இல் கொடைக்கானலில் மறைந்தார்.

ஆகவே, நோயாளிக்கும் வைத்தியனுக்கும் இடையே நின்ற தடைகளை இம்மூவரும் ஆளுக்கொன்றாகக் கண்டனர். ஸ்கடர் தூரத்தைக் கண்டார். ஐடா அம்மையார் வழக்கம் என்னும் மதிலைக் கண்டார். கிறீன் மொழியைக் கண்டார். முதலிரண்டும் இன்று பெரும்பாலும் நீங்கிவிட்டன. ஒழுங்கைக்கு ஒழுங்கை வைத்தியர் உளர். பெண் வைத்தியரும் பெருந்தொகையினர். மூன்றாவது தடையே கொட்டாஞ்சேனையில் ஓர் இரவு முழுவதும் ஒரு கிழவியின் தலைமாட்டிலே நின்றது.

மாலையிலே திரும்புகையில் மருமகன் நெடுநேரம் பேசவில்லை. காலிமுகத்திடலைத் தாண்டும்போது, "மாமா, 'மனுஷ அங்காதிபாதம்' எங்கே பார்க்கக் கிடைக்கும்?" என்று கேட்டான்.

நூலகத்திலே விசாரிக்கலாம் என்றோம். அந்நூலின் சொற்களிற் பல இன்று வழக்கிறந்திருக்கும். சொல் பழையதாகலாம். நோயாளிக்கு விளங்கும்படி சொல்லவேண்டும் என்ற அந்த எண்ணம் பழையதாகாது. வைத்தியம் பயிலும் எம் பிள்ளைகள் அதனை ஒரு பாடமாகக் கொள்வாராக.